கேட்போரும் முன்னமும்: பெருமுக்கல் நிலப்பகுதியில் செய்தி வழங்கிய வரலாறு

செய்யுட்கு உறுப்பாவன 34 என வகுத்த தொல்காப்பியனார், மாத்திரை, எழுத்து, அசை முதலிய வடிவ உறுப்புகளோடு அமையாது, கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பனவற்றையும் உறுப்புகளாக எண்ணினார். சொல்லுவோன் ஒருவன் உளனாயின் கேட்போன் ஒருவனும் உளனாதல் வேண்டும்; கேட்போன் இல்லாத கூற்று நிறைவு பெறாது என்பது அவர் கருத்தாதல் தெளிவு. இவ்வுறுப்புகளுள் முன்னம் என்பது நுண்ணியது. இக்கூற்று இவ்விடத்து, இக்காலத்து, இன்னார் இன்னார்க்குக் கூறியது என்பதனைக் கூற்றின் உள்ளிருந்தே உய்த்துணரச் செய்வது முன்னம் எனப்படும்.

இவ்விலக்கணம் செய்யுட்குக் கூறப்பட்டது, செய்திக்கு அன்று. இதனைச் செய்திக்கு ஏற்றுதல் பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். செய்தியும் ஒருவர் கூற ஒருவர் கேட்கும் கூற்றேயாகலின், சொல்லுவோர் கேட்போர் உறவினை அளப்பதற்கு நம் மொழியிலேயே உள்ள அளவுகோலைக் கையாளுதல் குற்றமாகாது என்று கருதுகின்றோம். இதழாளர்க்கும் அவர்தம் படிப்போர்க்கும் உள்ள உறவு, கணினியும் கைப்பேசியும் வந்த பின்னர்ப் பெரிதும் மாறிவிட்டது என்பதனை இன்று எல்லோரும் கூறுகின்றனர். மாறியது யாது, மாறாதது யாது என்பதனை வரையறுத்துக் கூறுவார் சிலரே. அவ்வரையறையை நாடு முழுவதற்கும் செய்யப் புகாது, ஒரு சிறு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நிலப்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்குக் கிழக்கே, மரக்காணம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கலும் அதன் சுற்றுப்புறமும் ஆகும்.

ஓய்மானாடும் ஆற்றுப்படையும்

பெருமுக்கல் மலையின் குகையில் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துப் பாறைச் செதுக்கல்கள் உள்ளன. அவற்றைச் செதுக்கியோர் யாவர், யார் காணச் செதுக்கினர் என்பன இன்று அறிய வாராதவை. கூற்று எஞ்சியுள்ளது, முன்னம் எஞ்சவில்லை. ஆதலின் அச்செதுக்கல்களை நாம் வியக்கின்றோமேயன்றிப் படிக்கின்றோமல்லோம். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும் ஆகலின் ஈண்டுக் குறித்து வைத்தோம்.

சங்க காலத்தில் இந்நிலப்பகுதி ஓய்மானாடு என வழங்கிற்று. இதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. அந்நூலில் கூறப்பெறும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியில் இருந்த கடற்கரைப் பட்டினம் என்பர்.

ஆற்றுப்படையை நாம் பெரும்பாலும் புகழ்ப்பாட்டாகவே பயில்கின்றோம். ஆயின் அதன் அமைப்பினை நோக்கின், அது செய்தி சொல்லும் முறைக்கு ஓர் இலக்கணமாகவும் நிற்றல் புலனாகும். பரிசில் பெற்று மீளும் பாணன், பெறாது வாடும் பாணனை வழியிடைக் காண்கின்றான். தான் சென்ற வழியையும் இடையிலுள்ள ஊர்களையும், அங்கங்கே கிடைக்கும் உணவினையும், தலைவன் இயல்பினையும் கூறுகின்றான். இங்குக் கூறுவோன் தான் நேரிற் கண்டதனையே கூறுகின்றான். கேட்போன் இன்னான் என்பதும் அவன் பசியும் கூறுவோனுக்குத் தெரியும். சொன்ன வழி பொய்யாயின் கேட்டவன் மீண்டு வந்து கேட்பான். இருவரும் ஒரே தொழிலினர், ஒரே வழியிற் செல்வோர். எனவே இவ்வுறவில் மூன்று பண்புகள் உள்ளன: கூறுவோன் தன்னை மறையாமை, கேட்போன் தேவையை அறிதல், கூறியதற்குப் பொறுப்பேற்றல். இம்மூன்றும் பிற்காலத்தே எவ்வாறு நின்றன என்பதனை இனிக் காண்போம்.

கல்லிற் பொறித்த செய்தி

பெருமுக்கல் மலைமேல் உள்ள சிவன்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும் அவற்றுக்குப் பிற்பட்டனவும் காணப்படுகின்றன. கோயிற்குக் கொடுத்த நிலமும், விளக்கிற்கு வைத்த அறமும் போன்றவற்றைக் கூறுவன கல்வெட்டுகள் என்பது யாவரும் அறிந்தது. செய்தி வழக்கினை ஆராய்வோர்க்கு, அவை கூறும் பொருளினும் கூறும் முறையே நோக்கற்பாலது.

ஆற்றுப்படையில் கேட்போன் முன்னே நின்றான். கல்வெட்டிலோ கேட்போன் இன்னும் பிறவாதவன். ஆகவே அவன் ஐயுறுதற்கு இடமின்றிக் கல்வெட்டின் வாசகம் அமைக்கப்பட்டது. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் காலத்தைக் காட்டின. நாடும் ஊரும் களத்தைக் காட்டின. நான்கெல்லையும் பொருளை வரையறுத்தன. இவற்றோடு அமையாது, சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இஃது இன்னார் எழுத்து எனச் சான்றாளர் பெயர்கள் நிரலாக வருதலைக் காண்கின்றோம். அறத்தினைக் காப்பார் யாவர் என்பதும் கூறப்படும். முகம் காணாத கேட்போனுக்குக் கூற்றினை அனுப்ப நேர்ந்தபோது, முகத்திற்கு மாற்றாகக் கையெழுத்தினை வைத்தனர் நம் முன்னோர். முன்னத்தைக் கூற்றினுள்ளேயே பொறித்து வைத்த இம்முறையாலன்றோ, பல நூற்றாண்டுகள் கழிந்தும் நாம் அவற்றைச் சான்றாகக் கொள்கின்றோம்!

கோட்டையும் நாட்குறிப்பும்

18ஆம் நூற்றாண்டில் பெருமுக்கல் மலைக்கோட்டை ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் நிகழ்ந்த போர்களில் இடம்பெற்றது. 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் வென்ற அயர் கூட், புதுச்சேரியை நோக்கி வருங்கால், அவ்வாண்டு மார்ச்சில் இக்கோட்டையைக் கைப்பற்றினார்; அம்முற்றுகையில் அவரே காயமுற்றார். பின்னர் 1782இல் ஐதரலியின் படையும் பிரெஞ்சுப் படையும் இதனைக் கைக்கொண்டன. ஐரோப்பியர் எழுதிய போர் வரலாறுகளில் இவ்வூர் 'பெர்மாகோயில்' என வழங்கப்படுகின்றது. முக்கல் கோயிலாயிற்று. செவிவழிச் செய்தி கைமாறுந்தோறும் உருமாறும் என்பதற்கு ஊர்ப்பெயரே சான்றாக நிற்கின்றது.

இக்காலத்துப் புதுச்சேரியில் செய்தி திரட்டுவதனை வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேயின் காலத்தில் 1747இல் தலைமைத் துபாசியாக அமர்ந்த இவர், 1736 முதல் 1761 சனவரியில் தாம் மறையும் காலம் வரையில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவும் படைநடையும் விலைவாசியும் அரண்மனைச் செய்திகளும் அதில் உள்ளன. தாம் கண்டது இது, பிறர் சொல்லக் கேட்டது இது என அவர் பிரித்துரைக்கும் இடங்கள் பல. இதழாளர்க்கு வேண்டிய பண்புகளுள் முதன்மையானது அவரிடம் இருந்தது. ஆயினும் அவர் இதழாளர் அல்லர். ஏன் எனில், அவர்க்குக் கேட்போர் இலர். அவர் திரட்டிய செய்தி ஆளுநர்க்குப் பயன்பட்டது, ஊரார்க்கு வழங்கவில்லை. அக்குறிப்புகள் 1846இல் கண்டெடுக்கப்பட்ட பின்னரே உலகிற்குத் தெரியவந்தன. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரையில் 12 தொகுதிகளாகச் சென்னை அரசினரால் வெளியிடப்பெற்றது.

பெருமுக்கல் கோட்டை புதுச்சேரிக்கு ஒருநாள் நடைத்தொலைவில் உள்ளது. படை வருகின்றது என்னும் செய்தி ஆளுநர்க்குத் தூதர் வழியாக எட்டியிருக்கும். வழியிலுள்ள சிற்றூர் உழவனுக்கோ, அச்செய்தி படையின் வடிவிலேயே வந்திருக்கும். செய்தி எவர்க்கு உரியது என்னும் வினா இந்நிலத்தில் இவ்வாறு எழுகின்றது. அச்சுக்கலை விடையிறுக்க முற்பட்டது இவ்வினாவிற்கே.

அச்சு இதழும் படிப்போரும்

1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் உதயதாரகையைத் தொடங்கினர். 1855இல் சென்னையில் பெர்சிவல் பாதிரியார் தினவர்த்தமானியை நடத்தினார். 1882இல் சி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனை வார இதழாகத் தோற்றுவித்தார். அது 1899இல் நாளிதழாயிற்று. இவ்விதழ்களின் வழியே, முன்பு அரசர்க்கும் ஆளுநர்க்கும் உரியதாக இருந்த செய்தி, காசு கொடுத்து வாங்குவோர் எவர்க்கும் உரியதாயிற்று. படிப்போர் கடிதம் எழுதினர்; ஆசிரியர் வெளியிட்டனர்; சில கடிதங்கட்கு மறுமொழி கூறினர். கேட்போன் மீளவும் வாய் திறக்கப் பெற்றான்.

இந்நிலத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைக்கத்தகும். 1908இல் பாரதியார் புதுச்சேரி சேர்ந்தபின், 'இந்தியா' வார இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அவ்விதழைப் படிப்போரிற் பெரும்பாலார் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் இருந்தனர். புதுச்சேரியை விழுப்புரத்தோடு இணைத்த இருப்புப்பாதை 1879 முதற்கொண்டே இருந்தது. வழி இருந்தும் இதழ் செல்லுதல் அரிதாயிற்று. ஆங்கில அரசினர் தம் எல்லைக்குள் இதழ் புகாவாறு தடை செய்தமையால் 1910இல் 'இந்தியா' நின்றது. எழுதுவோரைச் சிறைப்படுத்த இயலாவிடத்து, எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையேயுள்ள வழியை அடைத்தால் போதும் என்பதனை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். கேட்போர் ஓர் உறுப்பு என்னும் தொல்காப்பியர் கருத்துக்கு, அவ்வுறுப்பினை வெட்டியவர்களே உரைகாரர் ஆயினர்.

1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியது மற்றொரு திருப்பமாகும். எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும் விளங்கும் நடையினை அவர் வேண்டினார். செய்தி எழுதுவோர்க்கென 'இதழாளர் கையேடு' ஒன்றும் ஆக்கினார். தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் படிப்பகங்களிலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். திண்டிவனம், மயிலம், மரக்காணம் போன்ற ஊர்களில் இதழ் என்பது நெடுங்காலம் கண்ணாற் படிக்கப்பட்டதோடு செவியாலும் கேட்கப்பட்டது. ஒரு தாளுக்குப் பத்துக் கேட்போர் இருந்தனர். ஆயினும் அப்பதின்மர் சொன்ன மறுமொழி கடை வாயிலைக் கடந்து ஆசிரியர் மேசைக்குச் சென்றதில்லை. அச்சு ஊழியின் குறை இதுவேயாம். கூறுவோன் தன் பெயரையும் முகவரியையும் இதழில் அச்சிட்டான், பொறுப்பும் ஏற்றான், ஆனால் கேட்போனை அவன் சரிவர அறிந்தானல்லன்.

மின்னியல் ஊழியில் நேர்ந்த மாற்றம்

1878இல் தொடங்கப்பெற்ற 'தி இந்து' நாளிதழ் 1995இல் இணையத்தில் இடம்பெற்றது. தமிழ் இதழ்களும் அடுத்தடுத்து இணையம் புகுந்தன. 2006இல் 'தி இந்து' படிப்போர் சார்பில் முறையீடு கேட்டுத் திருத்தம் செய்வதற்கெனத் தனி ஆசிரியர் ஒருவரை அமர்த்தியது. பிழை நேர்ந்தால் அதனை ஒப்புக்கொண்டு, இன்ன நாளிதழில் இன்ன பக்கத்தில் இவ்வாறிருத்தல் வேண்டும் என வெளியிடும் வழக்கம் அதனால் வலுப்பெற்றது. கேட்போன் வழியினைக் கூறுவோனே அமைத்துக் கொடுத்ததற்கு இஃது எடுத்துக்காட்டு.

பின்னர்க் கைப்பேசி வந்தது. முகநூலும் வாட்சாப்பும் யூடியூப்பும் வந்தன. எத்துணைப்பேர் ஒரு செய்தியைத் திறந்தனர், எவ்வளவு நேரம் நின்றனர், எவ்விடத்து விட்டகன்றனர் என்பன எண்ணாக இதழாளர் முன் நின்றன. அச்சு ஊழியில் அறியப்படாதிருந்த கேட்போன் இப்போது மிகையாக அறியப்படுகின்றான் எனலாம். ஆனால் எண்ணாக அறிதல் வேறு. முகமாக அறிதல் வேறு. பசித்த பாணனைக் கண்டு வழி கூறியவன் அவன் தேவையை அறிந்தான். எண்ணைக் கண்டு எழுதுவோன் அவன் நாட்டத்தை அறிகின்றான். நாட்டமும் தேவையும் எஞ்ஞான்றும் ஒன்றல்ல.

இரண்டாவது மாற்றம் இதனினும் பெரிது. கேட்போரே கூறுவோராயினர். 2015 திசம்பர்த் தொடக்கத்தில் சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளத்துள் ஆழ்ந்தபோது, அச்சகத்திற்குப் பணியாளர் செல்ல இயலாமையால் திசம்பர் 2ஆம் நாள் 'தி இந்து' சென்னையில் அச்சாகவில்லை. அந்நாளில் எங்குப் படகு வேண்டும், எவ்வீட்டில் முதியோர் உளர் என்பனவற்றை மக்களே கைப்பேசி வழியாக ஒருவர்க்கொருவர் அறிவித்தனர். இதழ் ஓய்ந்தது, செய்தி ஓயவில்லை. ஆற்றுப்படைக் காலத்து உறவு மீண்டது என்று மகிழ்தற்கு இஃது இடந்தந்தது.

ஆயின் அதே கருவி 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேறொன்றினையும் செய்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் எனப் பொய்யான காணொளிகள் பரவின. தொடர்பில்லாத வேறு நிகழ்ச்சிகளின் படங்கள் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. தொழிலாளர் அஞ்சினர், பீகார் அரசு அலுவலர் குழுவொன்று நேரில் வந்து ஆராய்ந்தது, காவல்துறையினர் மறுப்பு வெளியிட்டு வழக்கும் தொடுத்தனர். அக்காணொளிகளில் இருந்த நிகழ்ச்சி எங்கேனும் நடந்ததாயிருக்கலாம். ஆனால் எங்கு, எப்போது, யார், யார்க்கு என்பன அறுக்கப்பட்டிருந்தன. அஃதாவது, கூற்றினைப் பொய்யாக்குவதற்குக் கூற்றினை மாற்றவேண்டுவதில்லை. முன்னத்தை நீக்கினால் போதும் என்பது இதனாற் பெறப்படும்.

2024ஆம் ஆண்டுப் புயல்

இனிப் பெருமுக்கல் சுற்றுப்புறத்திற்கே மீள்வோம். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. கடந்தும் விரைந்தகலாது அவ்விடத்தே நின்றது. திண்டிவனத்திற்குத் தெற்கிலுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டமையால் தென்பெண்ணை பெருகி, விழுப்புரம் மாவட்டத்தின் தென்பகுதி ஊர்கள் நீரிற் சூழப்பட்டன. திசம்பர் 2ஆம் நாள் அரசூர்ப் பக்கத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிற் போக்குவரத்து நின்றது.

முன்னறிவிப்பு விடப்பட்டதா என்பது அப்போது எழுந்த பெரும்பூசல். முறையாக அறிவிக்கப்பட்டது என்றது அரசு. அறிவிக்கவில்லை என்றனர் எதிர்க்கட்சியினர். இப்பூசலில் எப்பக்கம் உண்மை என்று கூறுதல் இக்கட்டுரையின் பணியன்று. யாம் நோக்குவது பிறிதொன்று. 'அறிவித்தோம்' என்பது கூறுவோன் வினை. 'அறிந்தோம்' என்பது கேட்போன் வினை. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்வது பிழை. மின்சாரம் அற்று, கைப்பேசி அணைந்த இரவில், அறிவிப்பு அனுப்பப்பட்டமையாலே அது கேட்கப்பட்டதாகாது. கேட்போரை உறுப்பாக எண்ணாத செய்தி முறை, அணையிலிருந்து சொல்லை மட்டும் திறந்துவிட்டு ஊர் சேர்ந்ததா எனப் பாராத முறையாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏரி மிகுந்த இந்நிலத்தில், ஏரிக்கரை உடைந்தது என ஒரு வரி நள்ளிரவில் பரவுமாயின் என்னாகும்? அது மெய்யாயின் உயிர் காக்கும். பொய்யாயின், மக்களை மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓட்டினும் ஓட்டும்; அடுத்த முறை மெய்ச்செய்தியையும் நம்பவொட்டாது தடுக்கும். அவ்வரியின் கீழ் ஊர்ப்பெயரும் நேரமும் அனுப்பியவர் பெயரும் இருக்குமாயின் கேட்போன் தெளிவான். கல்வெட்டில் விளக்கிற்கு வைத்த ஆடுகளின் கணக்கிற்கும் சான்றாளர் எழுத்து வேண்டப்பட்டது. உயிர் பற்றிய செய்திக்கு இன்று எவர் எழுத்தும் வேண்டப்படவில்லை.

எம் பிழை ஒன்று

இவ்விடத்து எம் பிழையொன்றைக் கூறுதல் கடப்பாடாகின்றது. முதுகலை மாணவர் சிலரோடு பெருமுக்கல் மலை ஏறியபோது, கல்வெட்டு ஒன்றன் ஆட்சியாண்டினை யாம் பிழைபடப் படித்தோம். அருகிருந்த மாணவர் அதனைப் படத்தோடும் எம் பெயரோடும் கைப்பேசியில் குழுவொன்றுக்கு அனுப்பினார். மலையினின்று இறங்குமுன்னரே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இலக்கத்தைச் சரியாகப் படித்து எழுதிவிட்டார். அச்சில் வெளிவந்திருப்பின் அத்திருத்தம் எமக்குக் கிட்ட ஓராண்டு ஆகியிருக்கும். மின்னியல் ஊழியின் பெரும்பயனை அன்று உணர்ந்தோம்.

ஆயின் சில திங்கள் கழித்து அப்பிழைபட்ட ஆண்டு, எம் பெயர் நீங்கி, திருத்தமும் நீங்கி, வேறொரு குழுவிலிருந்து எமக்கே வந்து சேர்ந்தது. பிழை நடந்த தொலைவினைத் திருத்தம் நடக்கவில்லை. எம் பெயர் அதனோடு சென்றிருப்பின், ஐயுற்றவர் எம்மை வினவியிருப்பர், யாமும் விடையிறுத்திருப்போம். பெயர் நீங்கியதனால் எம் பழி நீங்கிற்று, பிழை நிலைத்தது. பெயரின்மை கூறுவோனைக் காக்கும், கேட்போனைக் காவாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆற்றுப்படையில் கூறுவோனும் கேட்போனும் முகமறிந்து நின்றனர். கல்வெட்டில் முகத்திற்கு மாற்றாக எழுத்து நின்றது. நாட்குறிப்பில் மெய்ம்மை இருந்தும் கேட்போர் இலராயினர். அச்சில் கேட்போர் பெருகினர். அவர்தம் மறுமொழி அருகிற்று. மின்னியல் ஊழியில் மறுமொழி பெருகிற்று. முன்னம் அருகி வருகின்றது. ஒவ்வோர் ஊழியும் ஒன்றனைத் தந்து ஒன்றனைக் கொண்டது. ஆகலின் பழையதே நன்று எனப் புலம்புதலும், புதியதே நன்று எனக் கொண்டாடுதலும் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வா.

இன்றைய இதழாளர்க்கு உரிய இடம் யாது எனின், விரைந்து கூறுவதில் அவர் பொதுமக்களை வெல்லுதல் இயலாது, வெல்லவும் வேண்டா. அறுபட்டு வரும் கூற்றுக்கு முன்னத்தை மீட்டுத் தருதலே அவர் பணி. இது எங்கு நிகழ்ந்தது, எப்போது, கண்டவர் யார், இதனை யான் எவ்வாறு அறிந்தேன் என்பனவற்றைத் தம் பெயரிட்டு உரைத்தல், பிழைப்பின் பிழை சென்ற இடமெல்லாம் திருத்தத்தையும் அனுப்புதல் ஆகிய இவை செய்வார்க்குக் கேட்போர் உளராவர்.

தமிழ்த்துறைகட்கும் ஒரு கடன் உண்டு. கல்லிலும் ஓலையிலும் தாளிலும் உள்ளவற்றைத் தொகுக்கும் நாம், 2024 புயலிரவில் மயிலத்திலும் மரக்காணத்திலும் மக்கள் ஒருவர்க்கொருவர் அனுப்பிய தமிழைத் தொகுக்க எண்ணவில்லை. கைப்பேசி மாறுந்தோறும் அது அழிகின்றது. அனுப்பியோர் இசைவு பெற்று, நாளும் இடமும் குறித்து அதனைச் சேமித்தல் வேண்டும். அன்றேல் நாளை ஆராய்வோர்க்கு நம் காலத்துக் கூற்றுகள், பெருமுக்கற் குகையின் செதுக்கல்கள் நமக்கு நிற்குமாறு போலவே, வியக்கத்தக்கனவாய், படிக்கவொண்ணாதனவாய் நிற்கும்.